அழுக்குப் பனியன் போட்டவர்

ஹலோ... ஹலோ... யாரு?... கொஞ்சம் சத்தமா பேசுங்க, கப்பல்ல நிக்கிறேன், இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் விளங்கல... ஆமா, புஷ்பாதான்... ஆமா ஆமா, கட்சால் தீவு புஷ்பா. நீங்க யாரு?... எந்த ஹோட்டல்?...

ஓ.

...

இல்ல, லைன் இருக்கு. சொல்லுங்க... ஆமா, நேத்து மத்தியானம் வந்தோம்... மூணு பேரு. நானு, எங்க வீட்டுக்காரரு, மாமனாரு. ஏ.சி. தண்ணி சொட்டுற மூலை டேபிள். அதுக்கு என்ன இப்போ? சாப்பிட்டோம், வந்துட்டோம், அவ்வளவுதானே... என்ன கிடந்துச்சு?... டிஷ்யூ பேப்பர்ல சுத்தியா?...

பல் செட்டா!

இருங்க. ஒரு நிமிஷம். வச்சிடாதீங்க... மாமா! மாமா, இங்க பாருங்க. வாயைத் திறங்க... எதுக்கா? திறங்கன்னா திறங்க... பையில வச்சிருக்கீங்களா? எந்தப் பை? காட்டுங்க... நேத்துலேருந்து எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கிட்டிருந்தீங்களே, இதுக்குத்தானா?... ஐயோ, அழாதீங்க மாமா. நான் திட்டல. கிடைச்சிடுச்சு. கிடைச்சிடுச்சுங்கறேன்...

ஹலோ, சொல்லுங்கண்ணே... ஆமா, அவரோடதுதான். புதுசு. முந்தாநாள்தான் மாட்டிவிட்டாங்க. அதுக்காகவே கட்சால்லேருந்து வந்து பதினஞ்சு நாளா லாட்ஜ்ல கிடந்தோம். அளவு எடுக்க ஒரு நாள், மாட்டிப் பாக்க ஒரு நாள், உறுத்தற இடத்தை ராவுறதுக்கு ஒரு நாள். இதை விட்டுட்டுப் போனா இன்னொரு தடவை கப்பல் டிக்கெட் வாங்கி, வரிசையில நின்னு... நல்லவேளை... என் நம்பர் எப்படிக் கிடைச்சுச்சு?... ஓ, டேபிளுக்கு அடியில டப்பாவா... ஆமா, ஆஸ்பத்திரியில பேரும் நம்பரும் எழுதிக் குடுத்த டப்பாதான்...

காலையிலேருந்தா? பத்து தடவையா?... பாத்தேண்ணே. தெரியாத நம்பரா இருந்துச்சு... இல்ல, தெரியாத நம்பர்னா நேத்து சாயந்திரத்திலேருந்து எடுக்கறதில்லைன்னு... அது வேற விஷயம். விடுங்க. இப்போ எங்க இருக்கீங்க?... ஹாடோ ஹார்பர் கேட்டுலயா! எங்க கப்பலுக்கு எதுத்தாப்புலயா!... உள்ள விட மாட்டேங்கறாங்களா... ஆமா, பாஸ் இல்லாம விட மாட்டாங்க.

ஏங்க! இங்க வாங்க! ஏணியை எடுத்துட்டாங்களா? போய்ப் பாருங்க, ஜல்தி... எடுத்துட்டாங்களா? முழுசாவா?... இறங்கணும்ங்க, ஒரு நிமிஷம் இறங்கி ஏறணும். மாமா பல்லு கேட்டுல நிக்குது... பல்லு இல்ல, பல்லு வச்சிருக்கிற அண்ணன் நிக்கிறாரு... சிரிக்காதீங்க, போய் அந்த ஆபீசர்கிட்ட கேளுங்க...

ஹலோ. எங்க வீட்டுக்காரர் கேக்கப் போயிருக்காரு. கயிறு இன்னும் அவுக்கல. போயிடாதீங்கண்ணே... நீங்க சப்ளை பண்ணுறவரா? கண்ணாடி போட்டவரா?... சமையலா? அப்போ எங்க டேபிளுக்கு...

...

பனியனோட வந்து மாமா தட்டைத் தூக்கிட்டுப் போனது நீங்களா?

...

ஆமா... ஞாபகம் இருக்கு. நல்லாவே ஞாபகம் இருக்கு... அடுப்படி ஜன்னல் வழியா பாத்தீங்களா... ஆமா, மாமா அந்தப் பரோட்டாவோட மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு. ஏழு வருஷமா கஞ்சிதாண்ணே அவருக்கு. பல்லு கட்டின உடனே மொத சாப்பாடு பரோட்டாதான்னு சொல்லி வச்சிருந்தாரு, பச்சப்புள்ளை மாதிரி... பரவால்ல விடுங்க... அந்த ரசம் சோறா? குழையப் பிசைஞ்சு, நெய் விட்டு ஒரு கிண்ணத்துல வந்துச்சே... அது உங்க கையா?... நான் அந்தக் கண்ணாடிக்காரர்தான் பரிதாபப்பட்டுக் கொண்டாந்தாருன்னு... நீங்க தட்டைப் பிடுங்கிட்டுப் போனதாத்தான் நான்...

ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

...அதைத்தான் மாமா முழுசா சாப்பிட்டாரு. ஆமா. அது ஒண்ணுதான் சாப்பிட்டாரு... அச்சா, அதுக்குத்தான் செட்டைக் கழட்டி வச்சிருக்காரு... நீங்க எச்சித் தட்டுலேருந்தா எடுத்தீங்க? ஐயோ, கையால... அதெப்படிண்ணே 'பரவால்ல'ங்கறீங்க.

சரி, இந்த நேரத்துல கடையை விட்டுட்டு எப்படி வந்தீங்க? மத்தியானச் சமையல் நேரமாச்சே... லீவா?... என்னது?... நின்னுட்டீங்களா?... முதலாளியே நிறுத்திட்டாரா! எப்போ?... இன்னைக்குக் காலையிலயா. எதுக்கு?...

...

யாரு எழுதினது?

...

பேஸ்புக்குலயா.

...

எழுதினவங்க பேருக்குப் பக்கத்துல முருகன் படமா.

...

ஹலோ... கேக்குதுண்ணே. காத்து அடிக்குது, அதான் பேசல... என்னன்னு எழுதியிருந்துச்சாம்?... ம்... ம்... 'அழுக்குப் பனியன் போட்ட ஒரு ஆள்'... ம்... அதைக் காட்டியா கேட்டாரு?... எத்தனை பேரு திட்டியிருந்தாங்களாம்?... முந்நூறா... டூரிஸ்ட்காரங்க புக்கிங்கைக் கேன்சல் பண்ணிட்டாங்களா... அதுக்கு உங்களை... பதினோரு வருஷமாவா! பதினோரு வருஷம் வேலை பாத்தவரை ஒரு பனியனுக்காகவா...

ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாரா?... நாளைக்கே சென்னைக் கப்பலா... டிக்கெட்டும் எடுத்துக் கையில குடுத்துட்டாரா. ஊர்ல இறங்கி எங்க போவீங்க?... யாருமே இல்லையா?... அக்கா இருந்தாங்களா, போன வருஷம் வரைக்கும்... ம்...

கவலைப்படாதீங்கண்ணே. ஆண்டவன்னு ஒருத்தன் இருக்கான். ஒரு கதவு மூடினா... ஆமா... நல்ல மனசுக்கு நல்லதுதான் நடக்கும்... எல்லாம் ஒரு சோதனைதான்...

...

இல்ல, ஒண்ணுமில்ல. நான் சொன்னது எனக்கே கேக்க நல்லா இல்ல. அதான் நிறுத்திட்டேன்.

இருங்க, எங்க வீட்டுக்காரர் வராரு... என்ன சொன்னாங்க?... இறங்கவே விட மாட்டாங்களா?... கயிறா? எந்தக் கயிறு?... அச்சா அச்சா... அண்ணே, இவங்க சொல்றாங்க, கப்பலைக் கட்டியிருக்கிற இடத்துக்கு வந்துட்டா மேலேருந்து சின்னக் கயிறு விடுவாங்களாம். அதுல கட்டிவிட்டா இழுத்துக்கலாமாம். நீங்க உள்ள வரணும், அவ்வளவுதான். கேட்டுல நிக்கிறவர்கிட்ட போனைக் குடுங்க... குடுங்கண்ணே, நான் பேசறேன்...

நமஸ்தே பாய் சாப்... ஹாங் ஜி, மைன் ஷிப் மே ஹூங்... மேரா சசுர் கா தாந்த்... தாந்த், தாந்த்! நகலி தாந்த்!... நஹி நஹி, வலி இல்ல, டாக்டர் வேணாம்... முருகா, இவருக்கு எப்படிச் சொல்றது... பல்லுங்க, மாமனாரோட பொய்ப் பல்லு!...

அட, தமிழா! முன்னாடியே சொல்லக் கூடாதா! எந்தப் பக்கம்?... சிப்பிகாட்டா! எங்க வீட்டுக்காரரோட சித்தி அங்கதானே இருக்காங்க, பண்ணைக்குப் பின்னால... ஆமா, செல்லம், செல்லம், தேங்காய் ஏவாரம்... தெரியுமா! சரி அண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போகும். பெரியவருக்கு எழுபத்தெட்டு வயசு. ஏழு வருஷம் கழிச்சு வந்த பல்லு. இந்த மனுசன் அதைக் கழுவித் தூக்கிக்கிட்டு ஓடி வந்திருக்காரு. ரெண்டு நிமிஷம் உள்ள விடுங்க... நீங்களே கூட வரீங்களா? வாங்க, வாங்க. ரொம்ப நன்றிண்ணே. போனை அவர்கிட்ட குடுத்துடுங்க...

ஹலோ, ஓடி வாங்கண்ணே. பின்பக்கம், நீலக் கிரேன் நிக்குதே, அதுக்கு நேரா... இன்னும் தெரியல... நான் மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பச்சைச் சேலை. மஞ்சள் பை வச்சு ஆட்டுறேன், பாருங்க...

தெரியுது! தெரியுது, வந்துட்டீங்க! அந்தா, கயிறு விடறாங்க. கட்டுங்க... தூக்குச் சட்டியா? பல்லுக்கு எதுக்குத் தூக்குச் சட்டி?... மேலடுக்குல பல்லு. கீழடுக்குல?... ரசம் சோறா... வழிக்கா... நீங்க எப்போ சமைச்சீங்க? காலையிலதான் நிறுத்திட்டாருங்கறீங்க... ரூம் ஸ்டவ்லயா? மூட்டை கட்டி வச்சதைப் பிரிச்சா?...

ம்... ம்...

இழுக்கறாங்க. மெதுவா, மெதுவாங்க, ஆடுது... வந்துடுச்சு. கைக்கு வந்துடுச்சுண்ணே. மாமா, இந்தாங்க. பிடிங்க. பத்திரம்... வாழையிலையில சுத்தி வச்சிருக்காரு மாமா, பாருங்க. சாமிக்கு வைக்கிற மாதிரி...

பாத்தீங்களா அண்ணே, உங்களைப் பாத்துக் கும்பிடுறாரு. தெரியுதா?... நீங்க ஏன் கும்பிடுறீங்க...

...ஆமா, பாக்கறேன். வெள்ளைச் சட்டை. பளிச்சுனு இருக்கு... என்னண்ணே சொன்னீங்க?...

இன்னைக்குச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் வந்தீங்களா.

...

கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருக்கீங்க.

...

அண்ணே, போயிடாதீங்க. அங்கேயே நில்லுங்க... கயிறு அவுக்கறாங்கன்னு எனக்கும் தெரியுது. அவுக்கட்டும். நான் ஒண்ணு சொல்லணும்... நன்றி இல்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணு.

அந்த முருகன் படம் என் போன்ல இருக்கு.

...

நான்தான் எழுதினேன். நேத்து சாயந்திரம், லாட்ஜ் கட்டில்ல உக்காந்துகிட்டு. 'முருகன் துணை'ன்னு பேரு வச்சிருக்கேன். பேஸ்புக் ஆரம்பிச்சப்போ சாமி பேரு இருந்தா யாரும் தப்பாப் பேச மாட்டாங்கன்னு வச்சது. நான் தப்பாப் பேசுவேன்னு நினைச்சுப் பாக்கல.

...

ஹலோ?... அண்ணே?... போனைக் காதுலேருந்து எடுத்துட்டீங்க. இங்கேருந்து தெரியுது. வச்சிடாதீங்க. திட்டுங்க. திட்டணும்னா திட்டிட்டு வைங்க... அண்ணே...

ஏங்க, சும்மா இருங்க, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. நான் எங்கேயும் விழுந்துட மாட்டேன். உள்ளயும் வர மாட்டேன்.

...

...ஹலோ. ஆமா. இருக்கேன்.

...

ஏன்னு கேக்கறீங்க. கேக்கணும்தான்... கோபம்ண்ணே. பதினஞ்சு நாள் அலைச்சல். மெனு கார்டுல நூறு அயிட்டம், எதைக் கேட்டாலும் சரக்குக் கப்பல் வரல, கப்பல் வரல. சாம்பார்ல பப்பாளிக்காய். சோறு ஆறிப்போய் வந்துச்சு. மாமா தலையில ஏ.சி. தண்ணி. அப்புறம் அந்தப் பரோட்டா. நாங்க ரப்பர் எஸ்டேட்காரங்க, ரப்பர் எதுன்னு எங்களுக்குச் சொல்லித் தர வேணாம். மாமா வாயில போட்டு மெல்ல முடியாம, துப்பவும் வெக்கப்பட்டு, கண்ணுல தண்ணி வர உக்காந்திருந்தாரு. எனக்குப் பொறுக்கல. அப்போ நீங்க பனியனோட வந்து ஒரு வார்த்தை சொல்லாம தட்டை எடுத்தீங்க. கிழவர் மெல்லுறது பாக்க அசிங்கமா இருக்குன்னு எடுக்கறீங்கன்னு நினைச்சுட்டேன்...

ஆமா... கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுத அரை மணி நேரம் இருந்துச்சு, கேக்க ஒரு நிமிஷம் இல்லாமப் போச்சு.

இன்னும் இருக்கு. கேளுங்க. ரசம் சோறு வந்ததை நான் எழுதவே இல்ல. எழுதத் தோணுச்சு. எழுதினா கோபம் தண்ணியாப் போயிடும்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில உங்க முதலாளி அதுக்குக் கீழ பதில் போட்டிருந்தாரு. 'சம்பந்தப்பட்ட நபரை நீக்கிவிட்டோம், பொறுத்தருள்க'ன்னு. நான் அதுக்குக் கட்டைவிரல் போட்டேண்ணே. நல்ல காரியம்னு. கார்த்திகை விரதம் இருக்கிறவ. குளிச்சிட்டு, திருநீறு பூசிக்கிட்டு, போட்டேன்.

...

நீங்க ஏண்ணே சமாதானம் சொல்றீங்க... 'உண்மையைத்தானே எழுதினீங்க'ன்னா, அதுவா உண்மை? பனியன் உண்மை. தட்டை எடுத்தது உண்மை. ரெண்டையும் சேத்து எழுதினா பொய்... ஆமா, அடுப்படியில அந்தச் சூட்டுல சட்டையா போட முடியும். எனக்குத் தெரியாதா. என் அடுப்படிக்கு யாராவது போட்டோ எடுக்க வந்தா தெரியும்...

கப்பல் நகருது. ஐயோ, நகருதுண்ணே. நீங்க பின்னாடி போற மாதிரி இருக்கு. இறங்கவும் வழியில்ல. நீங்க இருக்கிற இடத்துக்கும் எனக்கும் நடுவுல தண்ணி வந்துடுச்சு...

சரி, கேளுங்க. நான் அதை மாத்தி எழுதறேன். இப்பவே... வேணாம்னு சொல்லாதீங்க. நாளைக்கு ராத்திரிதான் நாங்க கட்சால் போய்ச் சேருவோம். அங்க டவர் இருந்தா நெட் இருக்காது, நெட் இருந்தா கரண்ட் இருக்காது. அதுக்குள்ள நீங்க சென்னைக் கப்பல்ல ஏறிடுவீங்க. இந்த முகத்துவாரம் தாண்டுற வரைக்கும்தான் எனக்கு நேரம்... சிக்னல் மூணு கோடு இருக்கு. இல்ல, ரெண்டு.

பரோட்டா நல்லா இருந்துச்சுன்னு எழுத மாட்டேன். அது நல்லா இல்ல... நீங்களே சொல்றீங்களா? முந்தின நாள் பரோட்டாவா! அதான!... நீங்க போட்டது இல்லையா. அப்போ யாரு சூடு பண்ணிக் குடுக்கச் சொன்னது?... சொல்ல மாட்டேங்கறீங்க. சரி, உங்க சோத்துக்கு நீங்க காட்டுற விசுவாசம், நான் கேக்கல. சாம்பாரும் அப்படியே இருக்கட்டும். ஏ.சி.யும் இருக்கட்டும். பனியன் போட்டவர் யாரு, எதுக்கு வந்தாரு, என்ன கொண்டு வந்தாரு, இன்னைக்கு என்ன கொண்டு வந்தாரு, அதை எழுதறேன். முந்நூறு பேரும் படிக்கட்டும். 'நான் தப்பா எழுதிட்டேன்'னு மொத வரியிலயே போடறேன். பேரையும் மாத்திடறேன். சாமி பேரு வேணாம். புஷ்பா சுதாகர், கட்சால்னே போடறேன். திட்டுறவங்க என்னையே திட்டட்டும்.

முதலாளி திரும்பிக் கூப்பிடுவாரான்னு எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா தெரியாது. ஆனா அதைப் படிச்சிட்டு உங்களைக் கப்பல் ஏத்த அவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் வரும். வரலைன்னா வேற யாராவது படிப்பாங்க. நாளைக்குக் காலையில அவசரப்பட்டு ஏறிடாதீங்க. அவர் ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும் இருங்க... ராத்திரி எங்க தங்கறதா? அந்தக் கேட்டுக்காரரு பக்கத்துலதானே நிக்கிறாரு? அவர்கிட்ட சொல்லுங்க, சிப்பிகாட்டுல செல்லம் சித்தி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லி. சுதாகர் சொன்னாருன்னு... ஏங்க, சொல்லலாம்தானே?... சொல்லலாமாம். சித்தி வாய்தான் பெருசு, வீட்டுல எப்பவும் ஒரு பாய் சும்மா இருக்கும்.

நீங்க வைங்கண்ணே. இந்தப் போன்ல பேசிக்கிட்டே இருந்தா நெட் வராது... சொல்லுங்க, சீக்கிரம்... ம், பல்லை வெதுவெதுப்பான தண்ணியில ஒரு நிமிஷம் போடணுமா, மாட்டறதுக்கு முன்னாடி. சரி... அடியடுக்கை ராத்திரிக்கே சாப்பிட்டுடணும். சரி சரி... இனிமே மாமாவுக்கு ரசம் வச்சா பருப்பு அதிகமா, மிளகு கம்மியாவா. சரிண்ணே... தூக்குச் சட்டியைத் திருப்பித் தர வேணாமா? அதெல்லாம் முடியாது, தருவேன்... ஐயோ, நீங்க வைக்க மாட்டீங்க போல. மாமா என்னமோ சொல்றாரு, இருங்க... உங்க சோத்தைப் பாத்துட்டாரு. சட்டியில கையை விட்டுட்டாரு... மாமா, ராத்திரிக்குன்னு சொன்னாங்களே!...

ஒரு கோடுதான் இருக்கு. நான் வச்சிடறேன். கோவிச்சுக்காதீங்க, உங்களுக்காகத்தான் உங்க பேச்சை நடுவுல வெட்டுறேன்... தெரியுது, இன்னும் தெரியுது. வெள்ளைச் சட்டை தெரியுது...

இருங்க, இருங்க! வச்சிடாதீங்க! இவ்வளவு நேரம் பேசினேன், கேக்கவே இல்ல பாருங்க. ரெண்டாவது வரியில மறுபடியும் 'ஒரு ஆள்'னே போட முடியுமா?... உங்க பேரு என்னண்ணே?...

செந்தமிழன்.

...

சரி. செந்தமிழன் அண்ணே, வச்சிடறேன்.